மாமரத்து நிழலில் என்ன வைக்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வியைச் சென்னையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "வீட்டுக்கு வடக்குப் பக்கம் நாலடி அகலத்துக்கு இடம் இருக்கிறது, ஒரு மூலையில் மாமரம். ரோஜாவும் மல்லியும் வைத்தேன். இலையாகத் தள்ளுகிறதே தவிர பூவே இல்லை. என்ன உரம் போடலாம்?"

இது உரத்தால் ஆகிற காரியம் இல்லைங்க. இந்த இரண்டுக்கும் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். வடக்குப் பக்கத்திலேயே பூ வேண்டும் என்றால் கனகாம்பரம் வையுங்கள், அரை நிழலிலும் பூக்கும்.

வடக்குப் பக்கம் என்றாலே எப்போதும் நிழல் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரை உச்சி நேரத்துச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் பார்த்துவிட்டு 'நல்ல நிழல்' என்று சுவரோரம் அக்லோனிமா என்ற நிழல்செடியை வைத்தால், வைகாசியில் இலை பொசுங்கிவிடும். அதனால் சுவரோரத்துக்கு மஞ்சள், சித்தரத்தை, தவசிக்கீரை. வைகாசி, ஆனியில் மஞ்சள் ஊன்றினால் பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்கலாம். அக்லோனிமா, பெரணி, பீஸ் லில்லி எல்லாம் மரத்தடிக்கு.

ஆனால் மரத்தடியில் குழி தோண்டாதீர்கள். மாமரத்தின் சல்லிவேர் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும், அதை வெட்டினால் மரத்துக்குக் கேடு. வெட்டாமல் நட்டாலும் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை மரமே குடித்துவிடும். தொட்டியில் வைத்து, அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். மண்ணில் நேராக வைத்தால் தொட்டி ஓட்டை வழியாகவே வேர் உள்ளே ஏறிவிடும்.

அப்புறம், தை மாசியில் மாமரம் பூக்கும்போது கீழே இருக்கும் செடிகளின் இலை பிசுபிசுவென்று ஆகி, மேலே கரி பூசியது போல் ஒரு படலம் வரும். செடிக்கு நோய் என்று பயந்து மருந்து அடிக்க வேண்டாம். மாம்பூவில் இருக்கும் தத்துப்பூச்சியின் கழிவு சொட்டி, அதன்மேல் பூசணம் படிகிறது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

தண்ணீர்? மாடிச் செடிக்கு ஊற்றுகிற அதே கையோடு இதற்கும் ஊற்றாதீர்கள். விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நிழலில் செடி சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். தொட்டிக்கு அடியில் தட்டும் வேண்டாம், தண்ணீர் வற்றாமல் நின்று கொசு முட்டையிடும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.