கால அட்டவணையைப் போடுகிறவர்

துறைத்தலைவர் பொறுப்புக்கு வரப்போகிற நண்பர்களே, வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஆறு வருடம் துறைத்தலைவர்.

நம் கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பணிமூப்பில்தான் வருகிறது. முன்னவர் ஓய்வு பெற்ற மறுநாள் பீரோ சாவியும் ஸ்டாக் ரெஜிஸ்டரும் நம் கைக்கு வந்துவிடும். பயிற்சி என்று எதுவும் கிடையாது.

முதல்வர் அறையிலிருந்து பார்த்தால், துறைத்தலைவர் என்பவர் கேட்ட தாளைக் கேட்ட நேரத்தில் தருகிறவர். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது எல்லா அளவுகோல்களுக்கும் விவரம் தயாராக இருக்க வேண்டுமே, அவரும் என்ன செய்வார்? ஆசிரியர் அறையிலோ கேள்வியே வேறு: "இவர் நம்ம ஆளா, மேனேஜ்மென்ட் ஆளா?"

இந்தக் கேள்விக்கு நம் பேச்சு பதில் சொல்லாது. நாம் போடும் கால அட்டவணைதான் சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் பதவியில் இருப்பவர்களுக்கு 14. சரி, எந்தப் பதினாறு மணி? அதை முடிவு செய்வது நம் பென்சில்.

என் பென்சில் செய்ததைச் சொல்கிறேன். தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை, கைக்குழந்தைக்காரர். ஒருநாள் சுவரில் இருந்த அட்டவணையைச் சும்மா பார்த்தேன். கிழமைக்குப் பதிலாகச் சுழன்று வரும் ஆறு டே ஆர்டரில் ஐந்துக்கு முதல் மணியிலும் கடைசி மணியிலும் அவர் பெயரின் முதலெழுத்தே இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. மூத்தவர்களுக்கு வசதியான நேரத்தை முதலில் நிரப்பிவிட்டு, மிச்சத்தை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த பருவத்தில் முதல் மணியை எல்லோருக்கும் பங்கு போட்டேன், எனக்கும் சேர்த்துத்தான். மூத்தவர் ஒருவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் பாடத்திட்டக் குழுக் கூட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே துறைத்தலைவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். நம் பாடத்தை நாமே எழுதலாம் என்பது எவ்வளவு பெரிய உரிமை! அதுவரை வாயே திறக்காத அந்த ஆசிரியை அன்று எழுந்து பேசினார். "சார், நீரின் கடினத்தன்மைச் சோதனைக்கு லேப் குழாய்த் தண்ணீர் எதற்கு? பிள்ளைகள் அவங்கவங்க ஊர்த் தண்ணீரைக் கொண்டு வரட்டுமே."

அந்த ஜூலையில் எங்கள் லேப் மேசை முழுக்க ஊர்ப்பெயர் ஒட்டிய பாட்டில்கள்.