தரவு அழியாமல் கஸ்டம் ரோம் நிறுவ முடியுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பதிவுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதை அப்படியே படிக்கிறேன். "என் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு நிறுவனத்தின் அப்டேட் நின்றுவிட்டது. லினியேஜ் ஓஎஸ் நிறுவ விரும்புகிறேன். பூட்லோடரை அன்லாக் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்கிறார்கள். அழியாமல் அன்லாக் செய்யும் தந்திரம் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் அதை மறுபடி பூட்டிவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்."

லினியேஜ் ஓஎஸ் என்பது ஒரு கஸ்டம் ரோம், அதாவது நிறுவனம் தந்த இயங்குதளத்துக்குப் பதிலாக நாமே நிறுவிக்கொள்ளும், வேறொரு குழு உருவாக்கிய ஆண்ட்ராய்டு. நேயர் கேட்கும் தந்திரம் கிடையாது. ஒரு மாடலில் அப்படி ஒன்று வேலை செய்கிறது என்று தெரிந்தால், அந்த மாடலை வைத்திருக்க நான் அஞ்சுவேன். பூட்லோடரைப் பற்றிய பதிவிலேயே இதைச் சொன்னேன். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். கைபேசியை இயக்கியவுடன் முதலில் எழுந்து, எந்த இயங்குதளத்தை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது பூட்லோடர். அது பூட்டப்பட்டிருக்கும் வரை, தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே ஏற்கும். தரவை அழிக்காமலே அந்தப் பூட்டைத் திறக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசியைத் திருடியவர், திரைப்பூட்டைக் கேட்காத ஒரு மென்பொருளை ஏற்றி, உங்கள் படங்களையும் உரையாடல்களையும் சாவகாசமாகப் பார்க்க முனைவார். அதனால்தான் அன்லாக் கட்டளை வந்ததும் கைபேசி எச்சரிக்கை காட்டி, உங்கள் ஒப்புதலைப் பெற்று, பயனர் தரவுப் பகுதி முழுவதையும் துடைத்துவிட்டுத் திறக்கிறது. நீங்கள் தொல்லை என்று எண்ணும் அந்த அழிப்பு, உங்களுக்காகவே வைக்கப்பட்ட காவல்.

இதில் இன்னோர் அடுக்கும் உண்டு. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த கைபேசிகள் தொடங்கி, கோப்பு வாரியான குறியாக்கம் (திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி ஒவ்வொரு கோப்பையும் மாற்றி வைப்பது) கட்டாயமாகிவிட்டது. அந்தக் குறியாக்கத்தின் திறவுகோல்கள் உங்கள் திரைப்பூட்டோடும், சிப்பில் உள்ள பாதுகாப்புப் பகுதியோடும், பூட்லோடர் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்னும் நிலையோடும் பிணைக்கப்பட்டவை. ஆகவே யாரோ ஒருவர் எப்படியோ அழிப்பைத் தவிர்த்துவிட்டார் என்றே கொண்டாலும், பூட்டின் நிலை மாறியதும் பழைய திறவுகோல்கள் பயன்படாமல் போகும். எஞ்சியிருப்பது யாராலும் படிக்க முடியாத பிட்டுகளின் குவியலாகத்தான் இருக்கும்.

பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்றால் நிலைமை வேறு. ஒரே ரோமின் புதிய பதிப்பை, தரவைத் துடைக்காமல் பழையதன் மேலேயே நிறுவலாம். இதைத்தான் டர்ட்டி ஃபிளாஷ் என்கிறார்கள். பெயர்தான் அழுக்கு, அதே ரோமின் மாதாந்திர அப்டேட்டுக்கு இது முறையான வழியே. நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து கஸ்டம் ரோமுக்கோ, ஒரு ரோமிலிருந்து வேறொரு ரோமுக்கோ தாவும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன் சிஸ்டம் செயலிகளைத் தன் சொந்தக் கையொப்பத்தோடு கட்டுகிறது. பழைய தரவு ஒரு கையொப்பத்தையும் புதிய ரோம் மற்றொன்றையும் காட்டும்போது, செயலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும், அல்லது கைபேசி தொடக்கத் திரையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிய ஆண்ட்ராய்டிலிருந்து பழைய பதிப்புக்கு இறங்குவதும் இதே வகைதான். திறவுகோல்கள் பதிப்பையும் நினைவில் வைத்திருப்பதால், கீழே இறங்கினால் திறக்க மறுக்கும்.

சரி, அழியப் போவது உறுதி என்றால் என்ன செய்வது? பேக்கப் எடுக்க வேண்டும். பல பதிவுகளில் சொன்னதை மீண்டும் சொல்கிறேன்: திரும்பக் கொண்டுவந்து பார்க்காத பேக்கப், பேக்கப் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒருவர், அன்லாக் செய்த கைபேசியில் டிடபிள்யூஆர்பி என்னும் ரிக்கவரியை (இயங்குதளத்துக்கு வெளியே நின்று பேக்கப் எடுக்கவும் ரோம் நிறுவவும் உதவும் கருவி) போட்டு, அழகாக முழு பேக்கப் எடுத்தார். புதிய ரோம் குறியாக்கத்தில் முரண்டு பிடித்தபோது, வழிகாட்டியில் சொன்னபடியே ஃபார்மட் டேட்டாவை அழுத்தினார். அவர் பேக்கப்பைச் சேமித்திருந்தது அதே கைபேசியின் உள் சேமிப்பகத்தில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

அந்த ரிக்கவரியில் வைப் (துடைத்தல்) செய்வது செயலிகளின் தரவை நீக்கினாலும், படங்களும் பதிவிறக்கங்களும் இருக்கும் உள் சேமிப்பகத்தைத் தொடாமல் விடும். ஃபார்மட் டேட்டா எதையும் விட்டுவைக்காது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொத்தான்களுக்கு இடையே இவ்வளவு தூரம். பேக்கப் எடுக்கும்போது கதை தலைகீழ்: டேட்டா பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் உள் சேமிப்பகத்தின் படங்கள் அந்தப் பேக்கப்பில் சேர்வதில்லை. அவர் பேக்கப்பைக் கணினிக்கு மாற்றியிருந்தாலும் படங்கள் தப்பியிருக்க மாட்டா. அவற்றைத் தனியே நகலெடுக்க வேண்டும்.

ஆகவே "அழியாமல் எப்படி நிறுவுவது" என்று கேட்பதைவிட, "இந்தக் கைபேசியைத் தவிர வேறெங்கும் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது" என்று நேயர் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். படம், காணொளி, ஆவணம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் கோப்புகள். கணினியில் கேபிள் வழியாக நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்துவிட்டால் அவற்றின் கவலை தீர்ந்தது. நம்மைத் தவிக்க விடுவது செயலிகளின் உள்ளே ஒளிந்திருக்கும் தரவு. கூகுள் பேக்கப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த தானியங்கி பேக்கப், ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் ஏற்கும். அதிலும் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை செயலியை உருவாக்கியவருக்கு உண்டு. தவிர, லினியேஜ் ஓஎஸ் கூகுள் செயலிகளுடன் வருவதில்லை. அவற்றை வேண்டுமென்பவர், ரோமை நிறுவிய கையோடு, முதன்முறை இயக்குவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். இதை மறந்தவருக்குப் பேக்கப் கூகுளிடம் பத்திரமாக இருக்கும், அதை இறக்கத்தான் ஆள் இருக்காது.

வாட்ஸ்அப்பின் உள்ளூர் பேக்கப், ஆண்ட்ராய்டு என்னும் கோப்புறைக்குள் உள்ள மீடியா கோப்புறையில் இருக்கிறது. அதைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் குறியாக்கப் பேக்கப்பை இயக்கியிருந்தால், அதன் கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறவுகோலோ கைவசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது தொலைந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர இயலாது. இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடுகளைத் தரும் செயலி இன்னும் ஆபத்தானது. அது அழிந்தால் அந்தச் செயலியோடு சேர்ந்து, அதை நம்பியிருக்கும் மின்னஞ்சலும் மற்ற கணக்குகளும் கதவை மூடிக்கொள்ளும். அந்தக் கணக்குகளை முதலில் வேறொரு கருவிக்கு மாற்றி, அங்கே பிறக்கும் குறியீட்டைக் கொண்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பூட்லோடரின் பக்கம் செல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், திரும்பக் கொண்டுவந்து பார்த்த பிறகே.

பூட்லோடர் திறந்த பிறகும், ரோமை நிறுவாமல் சும்மா பார்க்க மட்டும் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த டைனமிக் சிஸ்டம் அப்டேட், பொதுவான ஆண்ட்ராய்டு ஒன்றைத் தனக்கென ஒரு தரவுப் பகுதியோடு தற்காலிகமாக ஏற்றிக் காட்டும். உங்கள் தரவைத் தொடாது, மறுமுறை இயக்கினால் பழைய இயங்குதளமே எழும். எல்லாக் கைபேசிகளிலும் ஒழுங்காக ஓடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, மறுபடி பூட்டுவது பற்றி. பூட்டும்போதும் தரவு ஒருமுறை அழியும். இதை எதிர்பாராமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கூடவே, பூட்டிய பூட்லோடர் தனக்குத் தெரியாத கையொப்பமுள்ள ரோமை உள்ளே விடாது என்பதால், கைபேசி எழாமலே போகலாம். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் கிராஃபீன் ஓஎஸ் என்னும் மற்றொரு கஸ்டம் ரோமை நிறுவுபவர்கள் அந்த ரோமின் திறவுகோலைக் கைபேசியில் பதித்து, பிறகு பூட்டுகிறார்கள்; அந்தக் குழுவும் அப்படிச் செய்யும்படியே சொல்கிறது. நம் நேயர் நிறுவ விரும்புவது லினியேஜ் ஓஎஸ். அதைப் போட்டுவிட்டுப் பூட்ட வேண்டாம். கைபேசி ஒவ்வொரு முறை எழும்போதும் திரையில் வரும் அந்த எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.