மேஸ்திரி பார்த்த வேலையை இப்போ யார் பார்க்குறாங்க?

[காட்சி: விடியாத ராயக்கோட்டை பஸ் ஸ்டாப். கழுத்துல ஐடி கார்டு, கையில டிபன் பையோட பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஓசூர் போற கம்பெனி பஸ் வந்து நிக்குது.]

மணி 4.45. முதல் ஷிஃப்ட் பஸ். எல்லாரும் ஏறுறாங்க, ஒரு அக்கா மட்டும் படிக்கட்டுல நின்னு தலையை எண்ணுறாங்க. "அந்த மாரண்டஅள்ளிப் பொண்ணு எங்கடி?" "தம்பிக்குக் காய்ச்சலாம்க்கா." "சரி, லைன்ல நான் சொல்லிக்கிறேன். நீ அவ இடத்துல உக்காந்துக்கோ, திருகாணி போடுறது உனக்குத் தெரியுமில்ல?"

அந்த அக்கா சூப்பர்வைசர் கிடையாது. சம்பளச் சீட்டுல அவங்களுக்குத் தனிப் பதவியும் இல்ல. ஆனா அன்னிக்கு அந்த லைன் தடங்கல் இல்லாம ஓடப்போறது அவங்களாலதான்.

வணக்கம். வேலை, குழு, தலைமை மூணும் எப்படி மாறிக்கிட்டு வருதுன்னு நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஆராய்ச்சி பண்றவ நான். "இதுக்கெல்லாமா பிஎச்டி?"ன்னு எங்க சித்தப்பா ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். அதுக்கு எங்க தாத்தாவுல இருந்து ஆரம்பிக்கணும்.

[காட்சி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. வலை கட்டின தொரட்டி. கீழ பெங்களூரா மாங்காய்க் குவியல்.]

தாத்தா மாங்காய் அறுப்புக்கு ஆள் கூட்டிட்டுப் போற மேஸ்திரி. மரம் ஏறுறது ஒருத்தர், தொரட்டி பிடிக்கிறது ஒருத்தர், அடிபட்ட காயைப் பொறுக்கித் தனியா வைக்கிறது பெண்கள், லோடு ஏத்துறது இளவட்டம். அவர்கிட்ட ஒரு நீளவாக்கு நோட்டு இருந்துச்சு. முன்பக்கம் கூலிக் கணக்கு. பின்பக்கத்தை நான் பெரியவளான பிறகுதான் படிச்சேன். யாருக்கு முன்பணம் எவ்வளவு, யார் வீட்டுல பிரசவம், யாரையும் யாரையும் ஒரே மரத்துக்கு அனுப்பக் கூடாது, யாருக்குக் கைநடுக்கம் வந்துருச்சு, இனி ஏத்தக் கூடாது. எல்லாம் பென்சில்ல.

தாத்தாவைப் பெரிய தியாகின்னு சொல்லமாட்டேன். முன்பணம்ங்கிறது ஆளைக் கட்டிப்போடுற கயிறும்தான். கூலியில பிடிச்சிருக்காரு, கோபத்துல ஆளை நிறுத்தியிருக்காரு. ஆனா அந்தப் பின்பக்கத்துல இருந்தது ஒரு வேலை, ஆளுங்களைக் கவனிச்சுச் சேர்த்து வைக்கிற வேலை. மேஸ்திரி போயி லைன் லீடரும் ஆப்பும் வந்த இடத்துல அந்த வேலையை யார் செய்றாங்க? என் ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

[காட்சி: நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்தக் கேள்வி எனக்கு முன்னாடியே வேற ஊருல கேட்கப்பட்டிருக்கு. 1951ல எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த்னு ரெண்டு பேர் இங்கிலாந்துச் சுரங்கங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. பாம்ஃபோர்த் முன்னாடி சுரங்கத் தொழிலாளியா இருந்தவர். பழைய முறையில ரெண்டு மூணு பேர் கொண்ட சின்னக் குழு, கூட்டாளியை அவங்களே தேர்ந்தெடுப்பாங்க. ஒருத்தர் அடிபட்டாலோ செத்துப்போனாலோ, கூட்டாளியே அவர் குடும்பத்தைப் பார்த்துக்கிறதும் உண்டு. அப்புறம் மெஷின் வந்துச்சு. 40, 50 பேரை மூணு ஷிஃப்டாப் பிரிச்சு, ஒரு ஷிஃப்டுக்கு ஒரே வேலைன்னு ஆக்கினாங்க. நிலக்கரி கூடும்னு பார்த்தா, ஆளுங்க வேலைக்கு வராம நிக்கிறது கூடுச்சு. முந்தின ஷிஃப்ட் மேல பழி போடுறதும் கூடுச்சு. மெஷின் மேல குறை இல்ல. கூட்டாளிங்கிற உறவை வேலையில இருந்து கழட்டி எடுத்துட்டாங்க, கோளாறு அங்கதான்.

நம்ம நாட்டுலயும் இதே மாதிரி நடந்திருக்கு. அகமதாபாத் காலிகோ மில்லுல தானியங்கித் தறி வந்தும் நெசவு உயரல. 1953ல ஏ.கே.ரைஸ்ங்கிற ஆராய்ச்சியாளர், ஆளுக்கு ஒரு துண்டு வேலைன்னு பிரிக்காம, ஒரு குழுகிட்ட ஒரு தொகுதித் தறியை ஒப்படைச்சுப் பாருங்கன்னார். தொழிலாளிங்களே பேசி வச்சுக்கிட்டுக் குழு சேர்ந்தாங்க. கொஞ்ச நாள்ல உற்பத்தி கூடி, சேதம் குறைஞ்சுது. எனக்கு இதைவிடப் பிடிச்சது அடுத்த கதை. எரிக் மில்லர்னு ஒருத்தர் 1970ல திரும்பப் போய்ப் பார்க்குறார். ஒரு ஷெட்ல அந்தக் குழுமுறை ஏறக்குறைய அப்படியே இருக்கு, இன்னொரு இடத்துல பழையபடி ஆயிருச்சு. ஏன் ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு கலைஞ்சுதுன்னு கேட்க, இத்தனை வருஷம் கழிச்சு அதே இடத்துக்கு ஒரு ஆள் திரும்பிப் போகணும். இந்தத் தொழிலோட அழகே அதுல இருக்கு.

இன்னொரு ஆய்வு. 1990கள்ல ஏமி எட்மண்ட்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவமனைகள்ல, நல்ல குழுவுல மருந்துத் தவறு குறைவா இருக்கும்னு எதிர்பார்த்துப் போனாங்க. கணக்கு தலைகீழா வந்துச்சு. நல்ல குழுவுலதான் தவறு அதிகமாப் பதிவாகியிருந்துச்சு. அவங்க தவறைப் பயமில்லாம வெளிய சொன்னாங்க, மத்தவங்க மறைச்சாங்க. ஓசூர் சிப்காட்ல ரிஜெக்ஷன், அதாவது தரமில்லன்னு ஒதுக்குற பொருள், குறைவா இருக்கிற லைனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

[காட்சி: வரைபடம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, ஓசூர்.]

இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. காவேரிப்பட்டணத்துல மேஸ்திரி இன்னமும் இருக்காரு. போச்சம்பள்ளிப் பக்கம், முழுக்கப் பெண்களே நடத்தப்போறதா 2021ல அறிவிச்ச ஸ்கூட்டர் தொழிற்சாலை. ஓசூர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் ஒரே லைன்ல நிக்குது. அதே ஊர்ல சாப்பாடு டெலிவரி பண்ற பையனுக்கு மேலாளர்னு ஒரு முகமே கிடையாது, போன்தான் உத்தரவு போடுது. வண்டி பஞ்சரானா அவன் யாருக்குச் சொல்லுவான்? நூறு வருஷத்து வேலை மாற்றம் ஒரே பஸ் டிக்கெட் தூரத்துல கிடக்கு. இதைப் படிக்க வெளிநாடு போகணும்னு நம்ம பிள்ளைங்க நினைக்கிறது எனக்கு வருத்தமா இருக்கு.

வழி என்னன்னா, எம்பிஏ, உளவியல், சமூகவியல், சமூகப்பணி, எதுல முதுகலை முடிச்சிருந்தாலும் உள்ள வரலாம். யுஜிசி நெட் தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் 42,000. 2024 ஜூன்ல இருந்து நெட் மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கும் செல்லும். பிஎச்டிக்குக் குறைஞ்சது 3 வருஷம், சாதாரணமா 6 வருஷத்துக்குள்ள முடிக்கணும். நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கு. ஜேஆர்எஃப் இல்லாம பிஎச்டி பண்றது வீட்டுக்குப் பெரிய பாரம், அதை மறைக்க எனக்கு மனசு வரல. உதவித்தொகை எங்க இருந்து வரும்னு கேட்டுட்டு அப்புறம் சேருங்க.

தேர்வை விடக் கஷ்டம் உள்ள நுழையுறது. ஒரு கம்பெனியில நாலு மாசம் அனுமதி கொடுத்தாங்க. மேலாளர் மாறினதும் ஒரே நாள்ல கேட்டை மூடிட்டாங்க. பாதி அத்தியாயம் போச்சு. அன்னிக்கு அழுதுட்டேன். அப்புறம்தான் கேட்டுக்கு வெளிய, பஸ்லயும் ஹாஸ்டல் வாசல்லயும் உக்காந்து பேச ஆரம்பிச்சேன். உள்ள கிடைக்காத பேச்சு அங்க கிடைச்சுது. பேர் எழுதுறதில்ல, ஊர் மாத்தி எழுதுவேன், வேண்டாம்னு சொன்னா நோட்டை மூடிடுவேன். அவங்க வேலை போயிடக் கூடாது.

[காட்சி: ஓடுற பஸ்ஸுக்குள்ள. ஒரு நோட்டு, ஒரு பேனா.]

ஆர்வம் இருந்தா, சேர்றதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சு பாருங்க. வேலைக்குப் போற ஒரு அக்காகிட்டயோ அண்ணன்கிட்டயோ உக்காருங்க. "உங்க லீடர் எப்படி?"ன்னு கேட்காதீங்க. "நல்லாத்தான் இருக்காங்க"ன்னு முடிச்சிருவாங்க. "நேத்து மெஷின் நின்னப்போ முதல்ல யார்கிட்டச் சொன்னீங்க?"ன்னு கேளுங்க. நான் அந்தப் படிக்கட்டு அக்காகிட்ட இதைத்தான் கேட்டேன். ராயக்கோட்டையில ஆரம்பிச்சவங்க, ஓசூர் வந்து பஸ் நின்ன பிறகும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.