இரத்தம் ஏறவில்லையா? குளிசைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றி ஒரு வருடம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2, நல்லது. ஆனால் ஹீமோகுளோபின் 12இல் இருந்து 8.6க்கு இறங்கிவிட்டது. "முருங்கை இலை, ஈரல், பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்தோம் டொக்டர், ஏறவில்லை. இன்னும் என்ன கொடுக்கலாம்?"

இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே நிற்கிறது. இப்போது என்னென்ன குடிக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும்!

பழைய ஆட்களுக்குச் சம்மாந்துறை மில் கதை ஞாபகம் இருக்கும். திரும்பவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நெல் வராமல் மில் நின்றால் நெல் கொண்டுபோய்க் கொட்டலாம். மோட்டரே ஓடவில்லை என்றால் வாசலில் மூட்டை அடுக்கி என்ன பயன்? இரும்புச்சத்துதான் நெல், இரத்த அணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜைதான் மில். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்கத் தரும் மைக்கோபினோலேட், அசத்தியோபிரின் எல்லாம் செல்கள் பெருகுவதைத் தடுப்பவை. மஜ்ஜையையும் விட்டுவைக்காது. தொற்றுக்குத் தரும் கோட்ரைமொக்சசோல், வால்கன்சிக்ளோவிர், ஏன், பிரஷருக்கான லொசார்டன்கூட இரத்தத்தைக் குறைக்கலாம். இரும்பும் பார்ப்பார்கள், மஜ்ஜையைத் தாக்கும் பார்வோ வைரஸும் பார்ப்பார்கள், அது வேறு.

வாழைச்சேனையில் ஒரு மாமா, கடற்தொழில். அசத்தியோபிரின் குடிப்பவர். கால் பெருவிரல் வீங்க, வேறு இடத்தில் காட்டி யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினோல் வாங்கியிருக்கிறார். அங்கே இதைச் சொல்லவில்லை, இங்கே அதைச் சொல்லவில்லை. அசத்தியோபிரினை உடைத்துக் கழிக்கும் நொதியை அலோபியூரினோல் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் அசத்தியோபிரினைக் கால் பங்கு அளவுக்குக் குறைப்பார்கள். இவர் முழு அளவும் குடித்தார். சில கிழமைகளில் நகம் கடதாசி மாதிரி வெளுத்து, வெள்ளணுவும் விழுந்து வந்து நின்றார். பையை மேசையில் கவிழ்த்தபோதுதான் அந்த அலோபியூரினோல் அட்டை, பாதி கிழிந்து, அடியில் கிடந்தது.

தங்கச்சி, நீங்களாக ஒரு குளிசையையும் நிறுத்த வேண்டாம். புதுச் சிறுநீரகமே போய்விடும். சிவப்பணு ஒன்று 120 நாள் அளவில் வாழும். ஆகவே நாலைந்து மாதத்துக்குள் எது புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது என்று எழுதி, பையோடு கிளினிக்குக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

மாமா இப்போது பெனடோல் வாங்கினாலும் படம் எடுத்து அனுப்புகிறார். போன மாதம் இருமல் டொபி ஒன்றும் வந்தது.