பீர் காய்ச்ச ஒரு கண்ட்ரோல் பேனல்: முதலில் அணையக் கற்றுக்கொடுப்போம்

[திரையில்: சாம்பல் நிறப் பெட்டி. கதவில் வெப்பநிலை காட்டும் சிவப்பு எண்கள், சில சுவிட்சுகள், நடுவில் காளான் வடிவச் சிவப்புப் பொத்தான். ஒரு கை அந்தப் பொத்தானை அழுத்துகிறது. உள்ளிருந்து "டொக்".]

கேட்டதா? இந்தப் பெட்டியிலேயே எனக்குப் பிடித்த சத்தம் அதுதான். உள்ளே காண்டாக்டர் என்ற காந்தச் சுவிட்ச் விட்டுவிட்டது. ஹீட்டருக்குப் போகிற இரண்டு கம்பிகளும் அந்த நொடியிலேயே துண்டாகிவிட்டன.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு மின்சாரக் கண்ட்ரோல் பேனலை எப்படிக் கட்டுவது என்று இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். சொன்ன வெப்பநிலையைத் தானாகப் பிடித்து நிறுத்தும், பம்பை ஓட்டும், நேரம் முடிந்தால் மணி அடிக்கும். இதையெல்லாம் செய்ய வைப்பது அவ்வளவு கடினமில்லை. உள்ளே ஏதாவது ஒரு பாகம் கெட்டுப்போன அன்றைக்கும் பெட்டி ஒழுங்காக அணைகிறதா? என் கேள்வி அதுதான். வீடியோ முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்பேன்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். வீட்டில் பீர் காய்ச்ச எல்லா இடத்திலும் சட்டம் இடம் கொடுப்பதில்லை, உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பெட்டியை நீங்களே கட்டினாலும், முதல் முறை கரண்ட் கொடுக்குமுன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பக்கத்தில் சூடான தண்ணீர், ஈரமான தரை, 20 ஆம்பியருக்கு மேல் கரண்ட். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

[திரையில்: பானையில் மால்ட் ஊறுகிறது. தெர்மாமீட்டர் 66 காட்டுகிறது.]

சரி, இவ்வளவு துல்லியம் எதற்கு? முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். அப்போது நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. பீட்டா அமைலேஸுக்கு 60 முதல் 65 டிகிரி வரை வசதி, ஆல்ஃபா அமைலேஸுக்கு 70ஐ ஒட்டி. 65ல் நிறுத்தினால் ஈஸ்ட் அநேகமாக முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரை கிடைக்கும், பீர் மெலிதாக இருக்கும். 69ல் நிறுத்தினால் புளிக்காத சர்க்கரை கொஞ்சம் மிஞ்சி, வாயில் கனம் தெரியும். நாலு டிகிரியில் வேறு பீர். கேஸ் அடுப்பின் திருகைத் திருகிக்கொண்டே ஒரு மணி நேரம் இதைப் பிடித்து நிறுத்த முடியும். முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருவோம். 40 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 68க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் வேண்டும். பரவலாகக் கிடைக்கிற ஹீட்டர் எலிமென்ட் ஒன்றில் "240 வோல்ட், 5500 வாட்" என்று அச்சிட்டிருக்கும். அதன் மின்தடை 10.5 ஓம் அளவில் இருக்கும். அதையே 230 வோல்ட்டில் மாட்டினால் 22 ஆம்பியர் இழுத்து, 5050 வாட் தரும். நம் 40 லிட்டர் 24 நிமிடத்தில் தயார், வெளியே போகிற சூட்டுக்கு இன்னும் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இதே எலிமென்ட்டை 120 வோல்ட்டில் மாட்டினால் பாதி சக்தி வரும் என்று நினைக்காதீர்கள். கால் பங்குதான் வரும், 1375 வாட். மற்ற எல்லா அளவையும் இந்த 22 ஆம்பியரை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் சாலிட் ஸ்டேட் ரிலே. அடுத்து, பெட்டிக்கு வெளியே மாட்டிய கறுப்பு ஹீட் சிங்க்.]

அந்த 22 ஆம்பியரை இரண்டு நொடிக்கு ஒருமுறை போட்டு அணைக்கிற வேலையை இந்தச் சின்னக் கட்டி செய்கிறது. எஸ்எஸ்ஆர் என்று சொல்வோம். அசையும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு பக்கம் சில வோல்ட் டிசி கொடுத்தால் மறுபக்கம் ஹீட்டர் ஓடும். ஆனால் ஓடும்போது தனக்குள் ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொள்ளும். 22 ஆம்பியருக்கு அது 25 வாட்டைத் தாண்டும். எரிந்துகொண்டிருக்கிற ஒரு சோல்டரிங் அயர்னை மூடிய பெட்டிக்குள் போட்டு வைத்தது போல. அதனால் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் வெளியே இருக்கவேண்டும், இடையில் தெர்மல் பேஸ்ட் மெல்லியதாகப் பூசவேண்டும். எஸ்எஸ்ஆர் 40 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும்.

இந்தக் கட்டிக்கு ஒரு குணம் உண்டு. கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அணையச் சொன்னாலும் அணையாது. நான் கட்டிய முதல் பெட்டியில் காண்டாக்டர் இல்லை, எஸ்எஸ்ஆர் மட்டும்தான். ஒரு நாள் மாஷ் நடக்கும்போது, அதாவது மால்ட் ஊறும்போது, எண் 67 என்றது. வெப்பநிலையைப் பார்த்து எஸ்எஸ்ஆருக்குக் கட்டளை கொடுக்கும் கண்ட்ரோலர் அணைத்துவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் 69. அப்புறம் 71. கதவைத் திறந்து வெறித்துப் பார்த்தேன். கண்ட்ரோலர் சரியாகத்தான் இருந்தது, அதன் சொல்லைக் கேட்கத்தான் ஆளில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தபோது 78. அந்த வெப்பத்தில் நொதிகள் பிழைக்காது. மால்ட் போனால் போகிறது. நான் அந்த இடத்தில் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் எஸ்எஸ்ஆருக்கு முன்னால் காண்டாக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். உலோகத்தோடு உலோகம் உண்மையாகவே பிரியும் சுவிட்ச் அது. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, கரண்ட் இருந்தால் பிடிக்கும், போனால் ஸ்பிரிங் இழுத்து விட்டுவிடும். இரண்டு கம்பியையும் அறுக்கிற மாதிரி இரட்டை முனை உள்ளதாக வாங்குங்கள்.

எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போது, எலிமென்ட்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் காட்டும். உள்ளே எப்போதும் சில மில்லி ஆம்பியர் கசிகிறது. எஸ்எஸ்ஆர் அணைந்துவிட்டது என்று நம்பி எலிமென்ட் முனையில் கை வைக்கவே கூடாது.

[திரையில்: காண்டாக்டர் காயில் சுற்று மட்டும், கையால் வரைந்த படம். ஒவ்வொரு பாகமாகத் தோன்றுகிறது.]

இந்தக் காயிலுக்குப் போகிற மெல்லிய கம்பிதான் என் பார்வையில் மொத்தப் பேனல். வரிசையாகப் பாருங்கள். முதலில் சிவப்புக் காளான் பொத்தான். அடுத்து நிறுத்தும் பொத்தான். அடுத்து, பானையின் உடம்பில் மாட்டிய, சூடு மிஞ்சினால் திறந்துகொள்ளும், கையால் மட்டுமே மறுபடி போடக்கூடிய தெர்மல் கட்-அவுட். அடுத்து, தண்ணீர் மட்டம் பார்க்கும் மிதவை சுவிட்ச். எல்லாம் ஒரே சங்கிலியில், சாதாரண நிலையில் மூடியிருந்து கரண்டைப் போகவிடும் வகை. எது ஒன்று திறந்தாலும் காண்டாக்டர் விடும். ஒரு கம்பி தானாக அறுந்து விழுந்தாலும் விடும். கெட்டால் அணையும் பக்கமாகக் கெடட்டும் என்பதற்காகத்தான் இப்படிக் கோர்க்கிறோம்.

கடைசியில் பச்சைப் பொத்தான். அழுத்தினால் காண்டாக்டர் பிடிக்கும். கையை எடுத்த பிறகும் பிடித்திருக்க, காண்டாக்டரின் சொந்தத் துணை முனை ஒன்றைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் கொடுக்கிறோம். ஹோல்டிங் கான்டாக்ட் என்பார்கள். இதன் அருமை கரண்ட் போகும்போது தெரியும். கரண்ட் போனால் காண்டாக்டர் விடும், திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. நள்ளிரவில் ஆளில்லாத பானை தன்பாட்டுக்குக் கொதிக்கத் தொடங்காது. இன்னொன்றும் செய்யுங்கள். ஹீட்டர் சுவிட்சில், அது அணைந்திருக்கும்போது மட்டும் மூடியிருக்கும் முனை ஒன்றைக் கூடுதலாக வைத்து, அதைப் பச்சைப் பொத்தானோடு தொடராகக் கட்டுங்கள். ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தால் பேனல் தொடங்கவே மறுக்கும்.

பெட்டிக்குள் வரும் வழியில் இரண்டு காவல். அளவுக்கு மேல் கரண்ட் போனால் அணையும் எம்சிபி கம்பியைக் காப்பாற்றும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு மனித உடம்பில் பாயும் கரண்ட் ஒரு பொருட்டே இல்லை, அது அசையாது. ஆர்சிசிபி போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே ட்ரிப் ஆகும். சில நாடுகளில் 5 மில்லி ஆம்பியர் வகை வழக்கம். எது உங்கள் விதியோ அது. இல்லாமல் மட்டும் கட்டாதீர்கள். எர்த் கம்பி பெட்டிக்கு, பானைக்கு, பம்புக்கு, அப்புறம் கதவுக்கும் போகவேண்டும். கதவின் கீல் எர்த் ஆகாது. கதவுக்கென்று தனியாக ஒரு பின்னல் கம்பி போடுங்கள்.

ஹீட்டர் வழிக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. கொதிக்க வைக்கும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுமை தொடர்வதால் தாராளமாகவே எடுத்துக்கொள்வது நல்லது. கண்ட்ரோல் வேலைக்கு 0.75 போதும், ஆனால் அந்தக் கம்பிக்குத் தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ். 32 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆகுமுன் அந்த மெல்லிய கம்பி எரிந்துவிடும்.

[திரையில்: டெர்மினலில் கருகிய கம்பி முனை, மிக அருகில். பக்கத்தில் பளபளப்பான ஃபெரூல் போட்ட முனை.]

இந்தக் கருகலைப் பாருங்கள். ஷார்ட் எதுவும் இல்லை, திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவே. இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 22 ஆம்பியரில் அந்த ஒரு திருகில் மட்டும் 24 வாட் சூடு. பல இழைக் கம்பியை வெறுமனே முறுக்கிச் செருகாமல், முனைக்கு ஃபெரூலோ (சின்ன உலோகக் குழாய்) லக்கோ (உலோகக் காது) போட்டு, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். முறுக்கியபின் கம்பியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முதல் இரண்டு முறை காய்ச்சியபின் மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகையும் மறுபடி முறுக்குங்கள். சூடாகி ஆறும்போது செம்பு தளர்ந்துகொடுக்கும்.

[திரையில்: வெப்பநிலைக் கோடு. ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது, மற்றது ஏறி நேராக நிற்கிறது.]

இப்போது மூளைக்கு வருவோம். சாதாரண தெர்மோஸ்டாட் 67 வந்ததும் அணைக்கும். எலிமென்ட்டில் தேங்கிய சூடு அதற்கப்புறமும் தண்ணீரில் இறங்குவதால் 69 வரை போகும். பிஐடி கண்ட்ரோலர் அப்படிச் செய்யாது. இலக்குக்கு எவ்வளவு தூரம், இதுவரை எவ்வளவு விலகியே இருந்தோம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து, நெருங்க நெருங்க ஹீட்டரைக் குறைக்கும். 1922ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பலைத் தானாகத் திசை பிடிக்க வைப்பது பற்றி எழுதிய ஆய்வில் இந்த முறை கணித வடிவம் பெற்றது. சுக்கான் பிடிக்கிற அனுபவசாலி செய்வதைத்தான் நம் பானையில் கண்ட்ரோலர் செய்கிறது. இந்த மூன்றுக்கும் எவ்வளவு எடை என்ற எண்களை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம், கண்ட்ரோலரே கண்டுபிடிக்கும் ஆட்டோ-டியூன் உண்டு. பானையில் வழக்கமான அளவு தண்ணீரும், ஓடும் பம்புமாக அதைச் செய்யுங்கள்.

சென்சாருக்கு, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிடி100. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். மூன்று கம்பி உள்ளதை வாங்கினால் கம்பியின் நீளம் கணக்கைக் கெடுக்காது. சென்சார் கம்பி அறுந்தால் நல்ல கண்ட்ரோலர் பிழை காட்டி ஹீட்டரை அணைக்கும். அதைவிட மோசம், சென்சார் முழுசாகவே பானையிலிருந்து நழுவி வெளியே விழுவது. அறையின் காற்றை அளந்து 28 டிகிரி என்று சொல்லும், கண்ட்ரோலரும் முழு மூச்சாகச் சூடேற்றும். எனவே சென்சாரை மரை போட்டு இறுக்குங்கள். பானை உடம்பில் அந்தத் தெர்மல் கட்-அவுட்டை ஏன் வைத்தோம் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

கொதிக்கும் கட்டத்தில் பிஐடிக்கு வேலையில்லை. தண்ணீர் 100ஐத் தாண்டப்போவதில்லை. அங்கே கைமுறை அளவு வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் ஆவியாக 2500 வாட் வேண்டும், வீணாகும் சூட்டையும் சேர்த்தால் நம் எலிமென்ட்டில் 60 சதவீதம் அளவில் நிற்கும்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வைத்து எல்லாவற்றையும் போனில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். அதன் முனையில் வருவது 3.3 வோல்ட், பல எஸ்எஸ்ஆருக்குக் குறைந்தபட்சமே 3 வோல்ட். நேராகக் கொடுக்காமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். மென்பொருள் ஹேங் ஆனால் அந்த முனை கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். காண்டாக்டர் சங்கிலிக்குள் மென்பொருளை விடாதீர்கள். அது கம்பியாகவே இருக்கட்டும்.

[திரையில்: எலிமென்ட்டுக்குப் பதில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு.]

சோதனை. முதலில் கரண்ட் இல்லாமல், படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் மல்டிமீட்டரில் பீப் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு எலிமென்ட் இல்லாமல் கண்ட்ரோல் மட்டும். பிறகு குண்டு பல்பை மாட்டுங்கள். எல்இடி வேண்டாம், எஸ்எஸ்ஆர் கசிவிலேயே அது மங்கலாக எரிந்து குழப்பும். கடைசியாகத்தான் எலிமென்ட், அதுவும் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியபின். வெறும் பானையில் கரண்ட் கொடுத்தால் எலிமென்ட் சீக்கிரமே எரிந்துபோகும்.

தண்ணீர் 40 டிகிரிக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். சென்சாரைப் பிடுங்குங்கள். மிதவையைக் கையால் இறக்குங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். காளானை அழுத்துங்கள். கடைசியில், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைத்து, பத்து நொடி விட்டுப் போடுங்கள். எண்கள் மட்டும் ஒளிரவேண்டும். ஹீட்டர் விளக்கு அணைந்தபடியே இருந்து, பச்சைப் பொத்தானில் உங்கள் கை படும்வரை பெட்டி காத்திருக்கவேண்டும்.

காத்திருக்கிறதா? மின்சுற்றுப் படத்தைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, மால்ட்டை எடுத்து வையுங்கள்.