ஒர்க் மெம்மை ஏற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கு எடுக்க உட்கார்ந்தால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். "சர்வருக்கு ராம் பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பல இடங்களில் ராம் சும்மாதான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று டேட்டாபேஸுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிறுவியவுடன் அதில் ஷேர்டு பஃபர்ஸ் பெரும்பாலும் 128 எம்பியில் நிற்கும். சர்வரில் 16 ஜிபி இருந்தாலும் அதே 128தான். டிஸ்க்கிலிருந்து படித்த தரவை எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் இடம் அது. டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வர் என்றால் ராமில் கால் பங்கு, அதாவது 4 ஜிபி, கொடுத்துத் தொடங்குங்கள். மீதி வீணாகாது; லினக்ஸும் தன் பங்குக்குக் கோப்புகளை ராமில் வைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரஸ் அதையும் நம்பித்தான் ஓடுகிறது. இதை மாற்றினால் ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

அடுத்தது ஒர்க் மெம். ஆபத்து இருப்பது இங்கேதான். இயல்பாக 4 எம்பி. வரிசைப்படுத்துவதற்கும் ஹாஷ் போடுவதற்கும், அதாவது தரவை இணைக்கவோ தொகுக்கவோ ராமில் தேடல் அட்டவணை கட்டுவதற்கும், இந்த இடம். பத்தாவிட்டால் தற்காலிகக் கோப்பாக டிஸ்க்கில் எழுதும், வேகம் விழும். சரி, 256 எம்பி ஆக்கிவிடுவோம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இது சர்வர் முழுமைக்குமான அளவு அல்ல. ஓர் இணைப்புக்கான அளவும் அல்ல. ஒரு வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியான அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வினவலில் இரண்டு வரிசைப்படுத்தல், ஒரு ஹாஷ். வரிசைப்படுத்தலுக்கு 256, 256. ஹாஷுக்கு, 15ஆம் பதிப்பு முதல், இரண்டு மடங்கு: 512. கூட்டினால் 1 ஜிபி வரை போகலாம். அதையே வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு துணை வொர்க்கர்களோடு (துணை புராசஸ்கள்) மூன்று பேராகச் செய்தால் 3 ஜிபி. இத்தனையும் ஒரே ஒருவர் கேட்ட அறிக்கைக்கு! இயல்பில் 100 இணைப்புகள் வரை அனுமதி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ராம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதோ ஒரு புராசஸைக் கொல்லும். அது போஸ்ட்கிரஸுடையது என்றால் அதன் லாகில், அதாவது பதிவுக் கோப்பில், 'சிக்னல் 9' என்று விழும். செத்தது ஒன்றுதான், ஆனால் பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்பதால் போஸ்ட்கிரஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீண்டெழும். யாரோ எடுத்த அறிக்கைக்காக கவுண்டரில் பில் போடுகிறவரின் வேலையும் பாதியில் அறுந்துபோகும்.

ஆகவே ஒர்க் மெம்மின் பொது அளவைக் குறைவாகவே வையுங்கள். லாக் டெம்ப் ஃபைல்ஸ் என்ற அமைப்பை 0 ஆக்கினால் எந்த வினவல் டிஸ்க்குக்கு வழிகிறது என்பது லாகில் தெரியும். அந்த வினவலை, அது எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளையில் ஓட்டுங்கள். 'எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்' என்று வந்தால் இடம் பத்தவில்லை. 'குவிக்சார்ட், மெமரி' என்றால் ராமுக்குள்ளேயே முடிந்தது. டிஸ்க் 40 எம்பி என்று காட்டினால் 40 கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அதே தரவு ராமில் இன்னும் அதிக இடம் பிடிக்கும். சில வேளை சரியான இண்டெக்ஸ் (தரவைத் தேட உதவும் அட்டவணை) ஒன்று போட்டால் வரிசைப்படுத்தலே தேவைப்படாது, அதையும் பாருங்கள். கூடுதல் அளவை அறிக்கை எடுக்கும் பயனருக்கு மட்டும் ஆல்டர் ரோல் என்ற கட்டளை கொண்டு கொடுங்கள். புதிதாகத் திறக்கும் இணைப்புக்குத்தான் அது செல்லும். மீண்டும் மீண்டும் பயன்படுத்தத் திறந்தே வைக்கும் இணைப்புகளின் தொகுப்பான பூலில் ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய அளவிலேயே ஓடும். பலர் இங்கேதான் "மாற்றியும் பலனில்லை" என்கிறார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், மீதியைச் சுருக்குகிறேன். எஃபெக்டிவ் கேஷ் சைஸ் எந்த ராமையும் பிடிக்காது. வினவலை எப்படி ஓட்டுவது என்று போஸ்ட்கிரஸ் திட்டமிடுவதற்கான மதிப்பீடு மட்டுமே. 16 ஜிபியில் 12 என்று வைக்கலாம். பராமரிப்பு வேலைகளுக்கான மெயின்டனன்ஸ் ஒர்க் மெம் இயல்பில் 64 எம்பி. பெரிய இண்டெக்ஸ் கட்டும்போது அந்த செஷனில் மட்டும் ஏற்றுங்கள். எப்போதைக்குமாக ஏற்றினால், தேவையற்ற பழைய வரிகளைத் தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூமின் மூன்று வொர்க்கர்களும் அதே அளவு கேட்கலாம். அவற்றுக்கு ஆட்டோவேக்யூம் ஒர்க் மெம்மைத் தனியாகக் குறித்துவிடுங்கள். வணக்கம்.