உட்கார்ந்துவிட்டால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். கையில் புதிதாக வாங்கிய எம்.2 எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகக் கோப்புகளைச் சேமிக்கும் சாதனம்; விரல் நீளத்தில் ஒரு மெல்லிய பலகை. "சார், கச்சிதமா உட்காருது, ஸ்க்ரூவும் போட்டாச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது" என்றார். எஸ்எஸ்டியில் பழுது ஏதுமில்லை. சாட்டா, என்விஎம்இ என்று தரவு போய்வர இரண்டு வழிகள் உண்டு. அது சாட்டா வகை. அவருடைய மடிக்கணினியின் ஸ்லாட்டோ என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்பது. உறையைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. எனக்கு மனசே ஆறவில்லை.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவே. தரவு எந்த வழியில் போகிறது என்பது வேறு கேள்வி. சாட்டாவின் மூன்றாம் தலைமுறை நொடிக்கு 6 கிகாபிட். ஒவ்வொரு பைட்டும் அதில் 10 பிட்டாகப் பயணிப்பதால் உச்சமே 600 மெகாபைட். கைக்குக் கிடைப்பது சுமார் 550. என்விஎம்இ, கணினிக்குள் பாகங்களை இணைக்கும் பிசிஐஇ என்ற அதிவேகத் தடத்தில் ஓடுகிறது. நான்கு தடங்கள் இருந்தால் மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000 மெகாபைட் வரை எட்டும்.

எது எந்த வகை என்று அறிய, பலகையின் தங்க நிற முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இரண்டு வெட்டுள்ள பலகை, ஒற்றை வெட்டுக்கான ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும். அந்த மாணவிக்கு நடந்தது அதுதான். மடிக்கணினியின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு நேரே சாட்டா என்றிருக்கிறதா, பிசிஐஇ என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான்காம் தலைமுறை என்விஎம்இயை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் வேகம்தான் குறையும், வேலை செய்யும்.

சரி, எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய மடிக்கணினி? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்துங்கள். 7,000 கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போய்ச் சேரச் சுமார் 10 மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். கணினி எழும்போது படிப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். நேரம் அங்கேதான் போகிறது. தூக்கிப் போட நினைத்த எத்தனையோ மடிக்கணினிகள் இப்படி மறுபடி ஓடுவதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மாணவியின் எஸ்எஸ்டி. எம்.2 சாட்டாவை ஏற்கும் யுஎஸ்பி உறை ஒன்றில் அதைப் போட்டுக் கொடுத்தேன். யுஎஸ்பி 3 துளையில் செருகச் சொன்னேன்; பழைய யுஎஸ்பி 2 என்றால் நொடிக்கு 40 மெகாபைட்டே அரிது. இப்போது அவருடைய புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. வணக்கம்.